நொதிக்கு ஒரு கவசம்

காலையில் வாங்கிய பாலைக் காய்ச்ச மறந்துவிட்டு, மாலையில் அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகும்? பொங்கி வருவதற்குப் பதிலாகப் பால் திரிந்துபோகும். அதே பாலைக் காலையிலேயே காய்ச்சியிருந்தால் நல்லபடியாகப் பொங்கி இறங்கியிருக்கும். அடுப்பின் வெப்பம் இரு வேளையும் ஒன்றுதான். இடையில் பாலில் உண்டான சிறிதளவு அமிலமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். அந்தச் சிறிதளவு அமிலத்தைப் பால் தாங்கிக்கொள்ளும். வெப்பம் தனியே வந்தாலும் தாங்கிக்கொள்ளும். இரண்டும் கைகோத்து வரும்போதுதான் பாலிலுள்ள புரதம் நிலைகுலைகிறது.

இந்த அடுக்களை உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பார்க்கப்போகும் நொதிகளும் புரதங்களே. உயிருள்ள செல்கள் உண்டாக்கும் வினையூக்கிகளான இவற்றை இன்று செரிமான மருந்திலும், சலவைத் தூளிலும், பாலாடைக்கட்டித் தொழிலிலும் பயன்படுத்துகிறோம். கரைசலாக வைத்திருந்தால் இவை விரைவில் வலிமை இழக்கும். ஆகவே தூளாக்குகிறார்கள். தூளாக்கும் முறைகளில் ஒன்று, கரைசலைச் சூடான காற்றில் பனித்துளிபோலத் தெளித்து நொடிப்பொழுதில் உலர்த்துவது. கரைசலோடு பிசின் போன்ற ஒரு பொருளையும் கலந்து தெளித்தால் ஒவ்வொரு தூளும் தனக்கென ஓர் உறையைப் பெறுகிறது. இதையே நுண்ணுறை என்கிறோம்.

உறைக்குள் புகுந்துவிட்ட நொதிக்கு இனி அமிலத்தின் தொல்லை இல்லை என்று நமக்குத் தோன்றலாம். அது சரியன்று. உலர்த்துவதற்கு முன்பும், உலரும்போதும், உறை அவிழும்போதும் ஆக மூன்று முறை அமிலத்தன்மை அந்த நொதியின் விதியை எழுதுகிறது. இந்த உண்மை ஒரே நாளில் புலப்படவில்லை. ஒருவரையொருவர் அறியாத பலர், பல நாடுகளில், இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்த வேலைகளின் விளைவு அது. அந்த வரலாற்றைக் காண்போம்.

பருந்தின் வயிற்றில் தொடங்கிய கதை

உணவு இரைப்பையில் அரைக்கப்படுகிறதா, கரைக்கப்படுகிறதா என்பது 18-ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய வழக்கு. பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் ஒரு பருந்தைக் கொண்டு இதற்கு விடை கண்டார். பருந்து செரிக்காதவற்றை வெளியே கக்கிவிடும் இயல்புடையது. இரு முனையிலும் வலையிட்ட உலோகக் குழாய்க்குள் இறைச்சியை வைத்து அதை விழுங்கச் செய்தார். பருந்து கக்கிய குழாயில் இறைச்சி பாதி கரைந்திருந்தது. குழாய்க்குள் இருந்த இறைச்சியை இரைப்பை அரைத்திருக்க முடியாது. ஏதோ ஒரு சாறுதான் அதைக் கரைத்திருக்க வேண்டும். இதை அவர் 1752-இல் வெளியிட்டார். இத்தாலியின் ஸ்பலன்சானி இன்னும் ஒரு படி மேலே சென்றார். உணவைத் துணிப்பையில் கட்டித் தாமே விழுங்கிப் பார்த்தார். இரைப்பைச் சாற்றைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, உடல் வெப்பம் வேண்டுமென்று அக்குளில் இடுக்கி வைத்து, வயிற்றுக்கு வெளியிலேயே இறைச்சியைக் கரைத்துக் காட்டினார்.

அந்தச் சாற்றிலுள்ள அமிலம் ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்று 1824-இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரௌட் கண்டறிந்தார். அப்படியானால் இறைச்சியைக் கரைப்பது வெறும் அமிலந்தானா? இல்லை என்றார் ஜெர்மனியின் தியோடர் ஷ்வான். அமிலத்தோடு வேறொரு பொருளும் இருந்தால்தான் செரிமானம் நடக்கிறது என்று காட்டி, 1836-இல் அதற்குப் ‘பெப்சின்’ என்று பெயரிட்டார். 1876-இல் வில்ஹெல்ம் கூனே கணையச் சாற்றிலுள்ள ‘டிரிப்சி’னுக்குப் பெயர் தந்தார். இந்த வகைப் பொருள்களுக்கெல்லாம் பொதுப் பெயராக ‘என்சைம்’ என்ற சொல்லையும் அவரே வழங்கினார். தமிழில் நாம் நொதி என்கிறோம்.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். பெப்சினும் டிரிப்சினும் இரண்டுமே புரதத்தை உடைப்பவை. ஆயினும் பெப்சினுக்குக் கடும் அமிலம் வேண்டும். டிரிப்சினோ அமிலத்தில் சோர்ந்துவிடும். சிறிது காரமான சூழலில்தான் சுறுசுறுப்பாக இயங்கும். ஒவ்வொரு நொதிக்கும் உகந்த அமிலத்தன்மை ஒன்று உண்டு என்பது இவ்வாறு மெல்ல மெல்லத் தெரியவந்தது. ஆனால் அதை எண்ணால் குறிப்பதற்கு வழியில்லாமல் இருந்தது.

மதுவடிசாலை தந்த அளவுகோல்

வழி பிறந்தது டென்மார்க்கின் தலைநகர் கோப்பன்ஹேகனில், ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில். பீர் வடிப்பதில் நொதிகளுக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே ஆலை உரிமையாளர் யாக்கப்சன் 1875-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அங்கே கிடைக்கும் முடிவுகளை மறைக்காமல் உலகுக்கு வெளியிட வேண்டும் என்பது அவர் விதித்த நெறி. நைட்ரஜனை அளக்கும் முறைக்காக வேதியியல் மாணவர்கள் அனைவரும் அறிந்த கெல்டால் அங்கே பணியாற்றினார். அவருக்குப் பின் 1901-இல் பொறுப்பேற்றவர் சோரன்சன்.

ஒரே அளவு அமிலத்தை வெறும் நீரிலும் புரதக் கரைசலிலும் சேர்த்தால் விளைவு ஒன்றாக இல்லை. புரதம் அமிலத்தின் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. எனவே எவ்வளவு அமிலம் ஊற்றினோம் என்பது முக்கியமன்று. கரைசலில் எவ்வளவு ஹைட்ரஜன் அயனி கட்டின்றித் திரிகிறது என்பதே முக்கியம் என்று சோரன்சன் உணர்ந்தார். அதை மின்வாயின் மின்னழுத்தத்தைக் கொண்டு அளந்தார். கிடைத்த எண்களோ பத்து இலட்சத்தில் ஒன்று, கோடியில் ஒன்று என்று மிகச் சிறியவை. ஆகவே பத்தின் அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, 1909-இல் ‘பி.எச்.’ என்ற அளவுகோலை அறிமுகப்படுத்தினார். அவருடைய கட்டுரை நொதிகளைப் பற்றியதே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இன்று மண்ணுக்கும், குடிநீருக்கும், சோப்புக்கும் நாம் பயன்படுத்தும் அளவுகோல் நொதிகளைப் புரிந்துகொள்ளப் பிறந்ததாகும்.

தூய நீரின் பி.எச். 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 10 மடங்கு ஏறும். 7-லிருந்து 4-க்கு இறங்குவது மூன்று படிகள் போலத் தோன்றினாலும் உண்மையில் 1,000 மடங்கு மாற்றம். மின்வாயில் ஒவ்வொரு படியும், 25 டிகிரி வெப்பநிலையில், ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் மாற்றமாகத் தெரியும்.

இந்த அயனிகள் நொதியை எப்படிப் பாதிக்கின்றன? நொதி என்பது மணிமாலை போன்ற நீண்ட புரதச் சங்கிலி. ஆனால் தாறுமாறாகக் கிடப்பதில்லை. குறிப்பிட்ட வடிவில் மடிந்து கிடக்கிறது. சங்கிலியின் சில மணிகளில் நேர் மின்னூட்டமும், சிலவற்றில் எதிர் மின்னூட்டமும் உண்டு. அமிலம் கூடும்போது ஹைட்ரஜன் அயனிகள் எதிர் மின்னூட்டங்களை அணைத்துவிடுகின்றன. வினை நடக்கும் இடத்தில் இது நிகழ்ந்தால் நொதி வேலைநிறுத்தம் செய்கிறது, பி.எச். சரியானதும் மீண்டும் வேலைக்கு வருகிறது. இந்த விளக்கத்துக்கு 1911-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அடிகோலியவர் பெர்லினைச் சேர்ந்த மிக்கேலிஸ். அமிலம் மேலும் கூடினால் சங்கிலியெங்கும் நேர் மின்னூட்டங்களே மிகுந்து, ஒன்றையொன்று விலக்கி, மடிப்பே அவிழ்ந்துவிடும். மடிப்பு அவிழ்வதுதான் புரதச் சிதைவு என்ற கருத்தைச் சீன அறிஞர் சியென் வூ 1931-இல் முன்வைத்தார். அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால் பழைய வடிவம் திரும்புவது அரிது. முன்னது மயக்கம், பின்னது மரணம் எனலாம்.

சூடான காற்றில் குளிரும் துளி

இனி உலர்த்தும் கலைக்கு வருவோம். நீர்மத்தை நுண்துளிகளாக்கி உலர்த்தும் முறைக்குச் சாமுவேல் பெர்சி என்பவர் 1872-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலைத் தூளாக்கும் தொழிலாக அது வளர்ந்தது. சுழலும் சக்கரத்தின் விளிம்பிலிருந்து துளிகளைச் சிதறடிக்கும் உலர்த்திகளைப் பரப்பியவர்களுள் ஒருவரான நைரோப் என்ற பொறியாளரும், சோரன்சனைப் போலவே, கோப்பன்ஹேகனில் பணியாற்றியவர்.

தெளிப்பதால் என்ன நன்மை? சிறு கணக்கொன்று போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கரைசலை ஒரே உருண்டையாகக் கற்பனை செய்தால் அதன் பரப்பு ஒரு சதுர மீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். அதையே 50 மைக்ரான் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் 1,500 கோடி துளிகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 120 சதுர மீட்டர். நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய 3 சென்ட் நிலம்! இவ்வளவு பரப்பிலிருந்து நீர் ஆவியாவதால்தான் சில நொடிகளில் துளி தூளாகிறது.

உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை பொதுவாக 150 முதல் 200 டிகிரி செல்சியஸ். அதில் விழும் புரதம் வெந்துபோகாதா என்று நீங்கள் கேட்கலாம். மண்பானை நீர் கோடையில் குளிர்ந்திருப்பது ஏன் என்று எண்ணிப் பாருங்கள். ஆவியாகும் நீர் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. இயற்பியல் ஆய்வுக்கூடத்து ஈரமானியில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி குறைவாகக் காட்டுவதும் இதனால்தான். துளியில் ஈரம் இருக்கும்வரை அதன் வெப்பநிலை 40 முதல் 60 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஈரம் குறைந்து மேலே ஓடு கட்டிய பிறகே வெப்பநிலை ஏறுகிறது. அப்போதும் அது உலர்த்தியை விட்டு வெளியேறும் காற்றின் வெப்பநிலையை, அதாவது பெரும்பாலும் 70 முதல் 100 டிகிரியை, ஒட்டியே இருக்கும்.

இந்தியாவில் இம்முறையின் பெரிய வெற்றி குஜராத்திலுள்ள ஆனந்தில் கிடைத்தது. எருமைப்பாலைத் தூளாக்க முடியாது என்று அயல்நாட்டு வல்லுநர்கள் கருதிவந்த காலத்தில், தலாயா என்ற பால் தொழில் வல்லுநர் முடியும் என்று காட்டினார். 1955-இல் அங்கே பால் தூள் ஆலை திறக்கப்பட்டது. அத்தகைய ஆலைக்கு ஒரு நிபந்தனை உண்டு: வரும் பால் புளித்திருக்கக்கூடாது. நல்ல பாலின் பி.எச். 6.6 அளவில் இருக்கும். சாதாரண வெப்பநிலையில் 4.6 வரை இறங்கினால்தான் பால் புரதம் முழுதும் பிரியும். ஆனால் கொதிநிலையில் 6-ஐ ஒட்டிய அளவிலேயே திரிந்துவிடும். சூடான உலர்த்தியில் அமிலத்துக்கு வலிமை கூடும் என்ற பாடத்தைப் பால் ஆலைகள் நொதித் தொழிலுக்கு முன்பே கற்றிருந்தன.

கார்பன் தாளிலிருந்து செயற்கைச் செல்லுக்கு

உறை கட்டும் கலை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பணப்பதிவுக் கருவிகள் செய்யும் அமெரிக்க நிறுவனம் ஒன்றில் பாரெட் கிரீன் என்ற வேதியியலர் கார்பன் தாள் இல்லாமல் நகலெடுக்க வழி தேடினார். நிறமற்ற சாயத்தை எண்ணெயில் கரைத்து, கண்ணுக்குத் தெரியாத உறைகளில் அடைத்து, மேல் தாளின் பின்புறம் பூசினார். எழுதுகோல் அழுத்தும்போது உறைகள் உடையும். சாயம் கீழ்த்தாளில் பூசிய களிமண்ணைத் தொட்டு நீல நிறமாகும். 1954-இல் இத்தாள் விற்பனைக்கு வந்தது.

அந்த உறையைக் கட்டியதும் அமிலத்தன்மையே. ஜெலட்டினும் வேலம் பிசினும் கலந்த இளஞ்சூடான கரைசலில் சிறிது அமிலம் சேர்த்தால், பி.எச். 4 அளவில் ஜெலட்டின் நேர் மின்னூட்டம் பெறும். பிசின் எதிர் மின்னூட்டத்தோடு இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று கவர்ந்து எண்ணெய்த் துளியைச் சுற்றிப் படியும். கீழ்த்தாளில் சாயத்துக்கு நிறமூட்டிய களிமண்ணும் அமிலத்தன்மையுடையதே.

மருத்துவ மாணவராவதற்கு முன்பே, 1957-இல், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த தாமஸ் சாங் வேறொரு கனவு கண்டார். மெல்லிய சவ்வுக்குள் நொதியை அடைத்தால் அது ஒரு செயற்கைச் செல் ஆகாதா? பெரிய மூலக்கூறான நொதி வெளியேறாது. சிறிய மூலக்கூறுகள் உள்ளே சென்று வினைப்பட்டு வெளியேறும். 1964-இல் இக்கருத்தைச் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார். 1968-இல் கேட்டலேஸ் என்ற நொதி குறைவான எலிகளுக்கு அந்நொதியை நுண்ணுறையில் செலுத்திப் பயன் கண்டார்.

ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். சிறிய மூலக்கூறுகளுக்குக் கதவு திறந்திருக்கும்போது எல்லாவற்றிலும் சிறியதான ஹைட்ரஜன் அயனிக்கு மட்டும் கதவு மூடியிருக்குமா? நொதியைத் தப்பவிடாத சவ்வு அமிலத்தைத் தடுப்பதில்லை.

இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. அதே 1964-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எஃப்ராயிம் கட்சால்ஸ்கியும் அவர் தோழர்களும், எதிர் மின்னூட்டம் மிகுந்த பலபடிப் பொருளில் டிரிப்சினைப் பிணைத்துப் பார்த்தனர். நொதிக்கு உகந்த பி.எச். காரப்பக்கம் இரண்டு படிகளுக்கும் மேலாக நகர்ந்துவிட்டது போலத் தோன்றியது. நொதி மாறவில்லை. எதிர் மின்னூட்டம் ஹைட்ரஜன் அயனிகளைக் கவர்ந்து தன்னைச் சுற்றிக் குவித்துக்கொண்டதால், வெளியே அளக்கும் பி.எச். ஒன்றாகவும், நொதியின் அருகே நிலவும் பி.எச். வேறாகவும் இருந்தது. கரைசலில் உப்பைக் கூட்டினால் இந்த வேறுபாடு குறைந்தது. உறையின் மின்னூட்டமும் நொதியின் வாழ்வில் பங்குபெறுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

தூசியால் வந்த துன்பம்

உறை வேண்டும் என்ற தேவையைத் தொழிலுலகம் உணர்ந்தது துன்பத்தின் வழியாக. 1913-இலேயே ஜெர்மனியின் ஒட்டோ ரோம் கணைய நொதியைச் சலவைக்குப் பயன்படுத்தியிருந்தார். ஆனால் சலவைச் சோடாவின் காரம் அந்த நொதிக்கு ஒத்துவரவில்லை. காரத்தைத் தாங்கும் பாக்டீரிய நொதிகள் வந்த பிறகு, 1960-களில் நொதிச் சலவைத் தூள்கள் பெருகின. அந்த நொதிகள் மிக நுண்ணிய தூளாகக் கையாளப்பட்டன. 1969-இல், ஆலைகளில் அத்தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு மூச்சிரைப்பு நோய் வந்ததாகப் பிரிட்டிஷ் மருத்துவர்கள் ‘லான்செட்’ இதழில் அறிவித்தனர். அதன் பிறகே நொதியை மணிகளாக உருட்டி, மெழுகு போன்ற பொருளால் மூடும் வழக்கம் வந்தது. கவசம் நொதியைக் காப்பதற்கு மட்டுமன்று, நொதியிடமிருந்து மனிதரைக் காப்பதற்கும் ஆகும்.

மூன்று முறை எழுதப்படும் விதி

இப்போது மூன்று நிலைகளையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, உலர்த்துவதற்கு முன். நொதியும் உறைப்பொருளும் ஒரே கரைசலில் இருந்தாக வேண்டும். ஆனால் இருவருக்கும் பிடித்த பி.எச். ஒன்றாக இருப்பதில்லை. இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசான் நல்ல உறைப்பொருள். ஆயினும் சாதாரணக் கைட்டோசான் அமில நீரில்தான் கரையும். கடற்பாசி தரும் ஆல்ஜினேட்டோ அமிலத்தில் கட்டிப்படும். பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். சில ஈஸ்ட்டுகளிலிருந்து எடுத்தது நடுநிலைக்கு அருகில் இயங்கும்; ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையிலிருந்து எடுத்தது 5-ஐ ஒட்டிய அமிலத்தில் இயங்கும். ஈஸ்ட் நொதியைக் கைட்டோசானின் அமிலக் கரைசலில் இட்டால், உலர்த்திக்குள் நுழைவதற்கு முன்பே அது பாதி இறந்துவிடும். 2010-களில் போர்ச்சுகலின் போர்ட்டோ பல்கலைக்கழகத்தில் லாக்டேஸைப் பல உறைப்பொருள்களில் தெளித்து உலர்த்தி ஒப்பிட்டனர். நீரில் கரையும்படி மாற்றியமைத்த கைட்டோசானையும் அவர்கள் ஆராய்ந்தனர். நொதிக்கும் உறைக்கும் பொருத்தம் பார்ப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இவ்வகை ஆய்வுகள் சான்று.

இரண்டாவது, உலரும்போது. பி.எச். 7 உள்ள 50 மைக்ரான் துளியில் ஏறத்தாழ 40 இலட்சம் ஹைட்ரஜன் அயனிகள் உண்டு, பி.எச். 4 ஆனால் 400 கோடி. துளி சுருங்கும்போது நிலைமை இன்னும் கடுமையாகிறது. ஒரு கரைசலில் 200 கிராம் திண்மமும் 800 கிராம் நீரும் இருந்து, முடிவில் 10 கிராம் நீரே எஞ்சினால், ஆவியாகாத அமிலமும் உப்பும் நீரோடு ஒப்பிடும்போது 80 மடங்கு செறிவடைகின்றன. ஆவியாகும் பொருள்களால் வேறு தொல்லை. அம்மோனிய உப்பிலிருந்து அம்மோனியா பறந்துபோனால் அமிலம் எஞ்சும்; அசெட்டிக் அமிலம் பறந்துபோனால் காரப்பக்கம் சாயும். பி.எச். சரியாக வைத்துத் தெளித்தோம் என்று நினைத்திருப்போம். துளி தன் பயணத்திலேயே அதை மாற்றிக்கொண்டிருக்கும். நொதியின் நேர், எதிர் மின்னூட்டங்கள் சமமாகும் பி.எச். அருகே இது நடந்தால், விலக்கு விசை குன்றி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். திரிந்த பாலில் நாம் காண்பதும் இதைத்தான். சுக்ரோஸ், டிரெஹலோஸ் போன்ற சர்க்கரைகளைச் சேர்த்தால் அவை நீர் விட்டுச்சென்ற இடத்தைப் பிடித்து நொதியின் மடிப்பைத் தாங்கும். ஆயினும் பி.எச். தவறாக இருந்தால் சர்க்கரையால் மட்டும் முழுதும் காக்க முடிவதில்லை.

மூன்றாவது, உலர்ந்த பின். உலர்ந்துவிட்ட தூளில் பி.எச். என்று சொல்லவே இடமில்லை. அங்கே கரைசல் ஏது? ஆயினும் நொதி தன் பழைய பி.எச்.சை மறப்பதில்லை. 1980-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அலெக்சாண்டர் கிளிபனோவும் ஜாக்ஸும் இதைக் கண்டறிந்தனர். நீர் ஏறக்குறைய இல்லாத கரிமக் கரைப்பானில் இட்ட உலர்ந்த நொதி, கடைசியாக எந்தப் பி.எச். கரைசலிலிருந்து உலர்த்தப்பட்டதோ அதற்கேற்பவே இயங்கியது. நீர் போகும்போது மின்னூட்டங்கள் இருந்த இடத்திலேயே உறைந்துவிடுகின்றன என்பதே விளக்கம். இதைப் ‘பி.எச். நினைவு’ என்றழைத்தனர். 1984-இல் அவர்கள் வெளியிட்ட மற்றொரு முடிவு இன்னும் வியப்பூட்டியது. அவ்வாறு உலர்ந்த நிலையில் பன்றிக் கணைய லைபேஸ் 100 டிகிரியில் பாதி வலிமை இழக்க 12 மணி நேரத்துக்கும் மேலாயிற்று. நீரில் அது உடனே அழிந்துவிடும். உலர்ந்த நொதி வெப்பத்தை வெல்லும். ஆனால் எந்த அமிலத்தன்மையில் உலர்ந்ததோ அதன் முத்திரையைச் சுமந்தே வெல்லும்.

ஒரு குழந்தையின் உணவு

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்து நுட்பங்கள்தானே, இதனால் யாருக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். சில குழந்தைகளுக்கு உயிரே இதில் அடங்கியிருக்கிறது.

நியூயார்க்கைச் சேர்ந்த மருத்துவர் டோரதி ஆண்டர்சன் 1938-இல் ஒரு பிறவி நோயைத் தெளிவாக விவரித்தார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் எனப்படும் அந்நோயில் கெட்டியான சளி கணைய நாளங்களை அடைத்துவிடும். நொதிகள் குடலுக்கு வந்து சேரா. குழந்தை எவ்வளவு உண்டாலும் கொழுப்பு செரிக்காமல் வெளியேறும், உடல் தேறாது. மருந்து எளிதாகத் தோன்றியது: பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த நொதித் தூளை உணவோடு கொடுத்தால் போதுமே!

ஆனால் வழியில் இரைப்பை இருக்கிறது. பெப்சினுக்கு வீடாக இருக்கும் அதே அமிலம் லைபேசுக்குக் காலன். பி.எச். 4-க்குக் கீழே லைபேஸ் மீளாமல் அழிகிறது. 1977-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள், கணையம் செயலிழந்த நோயாளிகள் விழுங்கிய நொதிகளைக் குடலில் அளந்து பார்த்தனர். டிரிப்சின் நூற்றுக்கு 22 பங்கும், லைபேஸ் 8 பங்குமே சிறுகுடலின் முற்பகுதியைக் கடந்து வந்திருந்தன. எஞ்சியதெல்லாம் வழியிலேயே வீண்.

தீர்வு, அமிலத்தையே சாவியாக்கிய ஒரு பூட்டு. சில பலபடிப் பொருள்களில் கார்பாக்சில் தொகுதிகள் வரிசையாக உண்டு. இரைப்பையின் அமிலத்தில் இவை மின்னூட்டமின்றி நெருங்கிக் கிடக்கும், நீர் நுழையாது. பி.எச். 5.5-ஐத் தாண்டியதும் இவை எதிர் மின்னூட்டம் பெற்று, ஒன்றையொன்று தள்ளி, கரைந்துபோகும். நொதியை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மணிகளாக்கி அவற்றின்மேல் இப்பொருளைப் பூசிய மருந்துகள் 1970-களின் இறுதியில் வந்தன. அந்த மணிகள் கூழைப் பிழிந்து உருட்டிச் செய்யப்படுபவை. தெளித்து உலர்த்திய தூள் அல்ல. ஆனால் இதே பலபடிப் பொருள்களை நொதியோடு கலந்து தெளித்து உலர்த்தவும் செய்கிறார்கள். நடுநிலைக்கு அருகில் கரையும் பொருள் என்பதால், கைட்டோசான் விஷயத்தில் கண்ட பொருத்தமின்மை கணைய நொதிக்கு இங்கே இல்லை.

இந்த வெற்றியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கணையம் நொதியோடு அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டையும் சுரக்கிறது. இந்நோயாளிகளுக்கு அதுவும் குறைவு. ஆகவே முன்சிறுகுடலே அமிலமாக இருந்து, உறை வேண்டிய இடத்தில் அவிழாமல் தாமதிக்கலாம். குறையை ஈடுகட்ட மேலும் மேலும் நொதி கொடுப்பதும் ஆபத்தாக முடிந்தது. மிகுந்த வலிமையுள்ள நொதி மருந்தை உட்கொண்ட குழந்தைகள் சிலருக்குப் பெருங்குடல் சுருங்கியதாக 1994-இல் லிவர்பூல் மருத்துவர்கள் அறிவித்தனர். அதன் பின் உடல் எடைக்கேற்ப லைபேஸ் அளவுக்கு உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. அளவைக் கூட்டுவது அன்று. சரியான இடத்தில், சரியான பி.எச்.சில் நொதியை விடுவிப்பதே மருந்து.

மாணவர்களே, இந்த வரலாற்றில் பருந்தும், பீர் ஆலையும், பால் தூளும், நகல் தாளும், மருந்தும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் கண்டீர்கள். நகல் தாளுக்கு உறை கட்டியவர் குழந்தையின் குடலைப் பற்றி எண்ணியிருக்க மாட்டார். சோரன்சனின் அளவுகோல் இல்லையேல் அந்தக் குழந்தைக்கு மருந்து இழைத்தவர்கள் எந்த எண்ணை நோக்கி உறையை வடிவமைத்திருப்பார்கள்? நொதித் தூள் ஒன்றைப் பற்றி இனி நீங்கள் படிக்க நேர்ந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்தப் பி.எச்.சில் கரைத்தார்கள்? உலரும்போது அது எங்கே நகர்ந்தது? எந்தப் பி.எச்.சில் உறை அவிழும்? மூன்றுக்கும் விடை தெரிந்தால்தான் அந்தக் கவசம் நொதியைக் காக்குமா, சிறையிடுமா என்று சொல்ல முடியும்.